பழைய வண்டியின் அச்சும் சக்கரமும்



தோட்டத்துப் பட்டறைக்குப் பின்னாலோ, செம்பனைக் காட்டின் ஓரத்திலோ, துருப்பிடித்த வண்டி அச்சு ஒன்று சக்கரங்களோடு கிடப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். இதன்மேல் நாலு பலகையை அடித்தால் குலை ஏற்ற ஒரு வண்டி ஆயிற்றே என்று தோன்றும். நல்ல எண்ணந்தான். ஆனால், அந்த அச்சு எதற்காகச் செய்யப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் பாட்டன்மார் ஓட்டிய மாட்டு வண்டியை எண்ணிப் பாருங்கள். நடுவில் குடம், பன்னிரண்டு ஆரக்கால், அவற்றைச் சுற்றி ஆறு வட்டை, மேலே இரும்புப் பட்டை. குடத்துக்குள் இரும்பு உறை. அதில் மசகு தடவி, கடையாணி போட்டுவிட்டால் போதும். மாட்டின் நடைக்கு இது தாராளம். அதே அச்சை டிரெக்டருக்குப் பின்னால் பூட்டி வேகமாக இழுத்தால், மசகு காய்ந்து உறையும் அச்சும் உராய்ந்து சூடேறிவிடும். ஆகவே குடத்துக்குள் வெறும் உறையா, பேரிங்கா என்று பார்ப்பதே முதல் வேலை. உறை என்றால் அது மாட்டுக்குரிய அச்சு, டிரெக்டருக்கு வேண்டாம்.

1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். நம்மவர்கள் வெட்டிய ரப்பர் பாலும் பின்னாளில் இப்படிப்பட்ட டயர்களாயிற்று. மாட்டு வண்டிக்கும் டயர் வந்தது. சேற்று மண்ணில் டயர் அதிகம் புதையாது. மாட்டுக்குப் பாதி மூச்சு மிச்சம். ஆனால் மரச்சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கார்ச் சக்கரத்தை மாட்டினால் இன்னொன்றும் நடக்கிறது. மரச்சக்கரம் ஐந்தடி உயரம் என்றால் அச்சு இரண்டரை அடியில் இருக்கும். 6.00-16 என்று எண் போட்ட டயரின் மொத்த உயரமோ ஏறத்தாழ 28 அங்குலம். அச்சு ஓரடிக்கு மேல் கீழே இறங்கிவிடுகிறது. ஏர்க்கால் மேல்நோக்கிச் சாய்கிறது, சுமை பின்னுக்குப் போகிறது, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்குகிறது. இதைத்தான் பின்பாரம் என்கிறோம். அச்சுக்கும் பாருக்கும் நடுவே கட்டை வைத்து ஏர்க்காலைச் சமன் செய்ய வேண்டும்.

டிரெக்டர் வண்டிக்கும் இதே கணக்குத்தான். பின்பாரம் ஏறினால் பூட்டுமுனை மேலே எழும்பி, டிரெக்டரின் பின்சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். மேட்டில் ஏறும்போது சுமை தானாகவே இன்னும் பின்னுக்குச் சாயும். எனவே மொத்தச் சுமையில் பத்தில் ஒரு பங்காவது பூட்டுமுனையில் இறங்கும்படி அச்சைச் சற்றுப் பின்தள்ளிப் பொருத்துவது நல்லது. தட்டு தாழ்வாக இருந்தால் சாய்வும் குறையும், குலையைத் தூக்கிப் போடுகிறவரின் இடுப்பும் பிழைக்கும்.

நடுவில் உருண்டையாகப் புடைத்திருந்தால் அது காரின் பின் அச்சு. பேரிங் உண்டு, பிரேக் டிரம்மும் உண்டு. அதனால் பலருக்கும் பிடித்தமானது. கணக்கைப் பார்ப்போம். ஆட்கள் ஏறிய சிறிய காரில் அந்த அச்சு தாங்குவது சுமார் 600, 700 கிலோ. குலை ஒன்று 15 கிலோ என்றால் 60 குலை 900 கிலோ; வண்டியின் எடை வேறு. முப்பது குலையோடு நிறுத்துவதே நமக்குச் சரியாகப் படுகிறது. அதற்கு மேல் வேண்டுமானால் லோரி அச்சைத் தேட வேண்டியதுதான்.

எந்த அச்சானாலும் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். சுழற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால் மாற்றியே தீர வேண்டும். லோரிச் சக்கரத்தின் ரிம்மில் தனியாகப் பூட்டு வளையம் தெரிந்தால், காற்றை முழுக்க இறக்கும்வரை அதில் கைவைக்காதீர்கள். வளையம் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அதை டயர்க் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

பூட்டுமுனையில் ஆணி மட்டும் போதாது. ஆணி கழன்றாலும் வண்டி டிரெக்டரை விட்டு ஓடாதபடி, தடித்த சங்கிலி ஒன்றையும் சேர்த்துப் பூட்டுங்கள்.