ஆடவரும் முடி நீக்கமும்: நம் தோலுக்கு ஏற்ற முறை எது?

முடி நீக்கம் என்றதும் அது பெண்களுக்குரிய அழகுக்கலை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், மீசை அரும்பிய நாள் முதல் முதுமை வரை ஆண்களும் இவ்வேலையைச் செய்தே வருகின்றனர். மழித்தல் என்ற சொல் திருக்குறளிலேயே இடம்பெற்றுள்ளது. கூடாவொழுக்கம் என்னும் 28ஆவது அதிகாரத்தில், துறவிகளின் புறக்கோலத்தைப் பற்றிக் கூறும்போது வள்ளுவர் அதனைக் குறிப்பிடுகிறார். இத்துணைப் பழைமையான பழக்கத்தை எவ்வாறு முறையாகச் செய்வது என்று மட்டும் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ரெங்கம் போன்ற சிற்றூரில் வளர்ந்த இளைஞனுக்கு அப்பாவின் சவரக்கத்தியும் முடிதிருத்தும் கடை அண்ணனுமே ஆசிரியர்கள்.

இதன் விளைவைப் பல்கலைக்கழக விடுதிகளிலேயே காணலாம். நம் நண்பர்கள் பலருக்குத் தாடையின் கீழும் கழுத்திலும் சிறு கொப்புளங்கள் இருக்கும். அவை ஆறிய பின் கருந்திட்டுகள் தங்கிவிடும். பரு என்று எண்ணிப் பருக் களிம்பு பூசுவோரும் உளர். கடைகளில் விற்கும் எல்லாப் பொருளும் எல்லாத் தோலுக்கும் பொருந்தும் என்ற எண்ணமே இத்தொல்லைக்கு முதற்காரணம். ஆகவே, நம் முடியையும் தோலையும் அறிந்துகொண்டு, அதன் பின்னரே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் முடியும் நம் தோலும்

முடி, தோலுக்கு அடியில் உள்ள மயிர்க்காலிலிருந்து வளர்கிறது. தோலுக்கு வெளியே தெரியும் பகுதி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதற்கு உயிர் இல்லை. எனவே, வெளியே எத்தனை முறை வெட்டினாலும் உள்ளிருக்கும் வேருக்கு அது தெரியப்போவதில்லை. 'மழித்தால் முடி தடிப்பாக வளரும்' என்பது தவறான நம்பிக்கை என்பதை மில்ட்ரட் டிரோட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1928ஆம் ஆண்டிலேயே ஆய்வு செய்து காட்டினார். இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூராக இருக்கும். வெட்டிய முடியின் நுனி மழுங்கி இருப்பதால்தான் தொடும்போது சொரசொரப்பாக உணர்கிறோம்.

நமக்குரிய சிக்கல் வேறு. நம்மில் பலருக்குத் தாடி முடி தடிப்பாகவும் சுருண்டும் வளரும். அதனை மிக ஒட்ட மழிக்கும்போது, கூரான நுனி வளைந்து மீண்டும் தோலுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கிறது. அவ்விடம் சிவந்து வீங்குகிறது. அதுமட்டுமின்றி, மெலனின் நிறமி மிகுந்த நம் தோல், சிறு காயத்திற்கும் கூடுதல் நிறமியைச் சுரக்கிறது. கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறினாலும் கருந்திட்டு மறையப் பல மாதங்கள் ஆகின்றன.

பிடரியிலும் இதே கதைதான். முடி வெட்டி முடித்ததும் பிடரியைக் கத்தியால் ஒட்ட மழித்துப் படிகாரம் தேய்ப்பது நம் கடைகளில் வழக்கம். சிலருக்கு அவ்விடத்தில் கட்டிகள் தோன்றி, நாளடைவில் கெட்டியான தழும்பு மேடாக மாறிவிடுகின்றன. அதன்பின் அவ்விடத்தில் முடியே வளராது. பிடரியில் அடிக்கடி கட்டி வருவோர், 'கத்தி வேண்டாம் அண்ணே, மிஷினே போதும்' என்று சொல்லிவிடுவது நலம்.

மழிப்பதும் வெட்டுவதும்

மழிப்பதே மலிவானது, விரைவானது. ஆயினும், அதற்கும் முறை உண்டு. குளித்த பின்பு முடி மென்மையாக இருக்கும்போது, நுரை பூசி, முடி வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும். தோலை இழுத்துப் பிடித்தலும் ஒரே இடத்தில் பலமுறை கத்தியை ஓட்டுதலும் கூடா. ஐந்து முதல் ஏழு முறை மழித்த பின் பிளேடை மாற்றிவிட வேண்டும். மூன்று, ஐந்து பிளேடுகள் கொண்ட கத்தியில், முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது அதனைத் தோல் மட்டத்திற்குக் கீழே வெட்டுகிறது. வழுவழுப்பான முகம் வேண்டுவோருக்கு அது நன்று. முடி உள்நோக்கி வளரும் தொல்லை உள்ளவருக்கோ அதுவே பகை. அவர்களுக்கு ஒற்றைப் பிளேடு ஏற்றது.

அதனினும் ஏற்றது டிரிம்மர். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முடியை விட்டு வெட்டினால், நுனி தோலுக்குள் புக வாய்ப்பில்லை. அக்குள், மார்பு, மறைவிடம் ஆகியவற்றுக்கும் இதுவே பாதுகாப்பானது. அறுவை சிகிச்சைக்கு முன் முடியைக் கத்தியால் மழிக்கக்கூடாது, நீக்கியே ஆகவேண்டுமெனில் கிளிப்பரைப் பயன்படுத்துக என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். கத்தி விட்டுச் செல்லும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமிகளுக்கு வாசலாகிவிடும்.

களிம்பும் மெழுகும்

முடி நீக்கும் களிம்புகளில் பொதுவாகக் காரத்தன்மை மிகுந்த தையோகிளைக்கோலேட் உப்பு உள்ளது. அது கெரட்டின் புரதத்தின் பிணைப்புகளை உடைப்பதால் முடி கரைந்து வழிகிறது. தோலிலும் கெரட்டின் இருப்பதை மறந்துவிடக்கூடாது. குறித்த நேரத்தைவிடக் கூடுதலாக வைத்திருந்தால் தோல் வெந்துவிடும். முதலில் கையில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். மறைவிடத்திலும் புண் உள்ள இடத்திலும் பூசவே கூடாது. நம் நாட்டில் முறையாக அறிவிக்கப்பட்ட அழகுப் பொருளுக்கு 'நோட்' என்று தொடங்கும் எண் உண்டு. பசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கிறதென்று அவ்வெண் இல்லாத களிம்பை வாங்குதல் வேண்டாம்.

மெழுகு முறையில் முடி வேரோடு பிடுங்கப்படுவதால் மூன்று முதல் ஆறு வாரங்கள் வரை வழுவழுப்பாக இருக்கும். முதுகு, மார்பு ஆகிய பரந்த இடங்களுக்கு இது பொருந்தும். இருப்பினும், மீண்டும் வளரும் மெல்லிய முடி தோலுக்குள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. கடும் பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொள்பவர்கள் மெழுகைத் தவிர்க்க வேண்டும். அவர்களின் தோலே உரிந்து வரக்கூடும்.

லேசரும் மின்னூசியும்

லேசர் ஒளியை முடியில் உள்ள மெலனின் ஈர்த்துக்கொண்டு சூடாகிறது. அச்சூடு மயிர்க்காலைச் சிதைக்கிறது. தோலிலும் மெலனின் இருப்பதால், கருமை மிகுந்த தோல் அவ்வொளியைத் தானும் ஈர்த்து வெந்துவிடும் ஆபத்து உண்டு. எனவே, எந்த லேசர் என்பது முக்கியம். 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளிர்நிறத் தோலுக்கு உரியது. 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரின் ஒளியை மேல்தோல் குறைவாகவே ஈர்க்கிறது. அது ஆழமாகச் செல்கிறது. நம் நிறத்திற்குப் பாதுகாப்பானது இதுவே. வீட்டில் பயன்படுத்தும் ஐ.பி.எல். கருவிகளின் பெட்டியிலேயே தோல் நிற அட்டவணை இருக்கும். அதில் கருநிறத்திற்கு 'கூடாது' என்றிருந்தால் அதனை மதிக்க வேண்டும்.

லேசர் முடியை அடியோடு ஒழிக்காது, குறைக்கும். பல வார இடைவெளியில் ஆறு முறையாவது செல்ல வேண்டியிருக்கும். சிலருக்கு முன்பு முடி இல்லாத இடத்திலும் புதிதாக முளைப்பதுண்டு. மாணவர் சலுகை என்ற பெயரில் முன்பணம் கேட்கும் இடங்களில், 'என்ன லேசர்? இயக்குபவர் யார்?' என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்க வேண்டும். பொது மருத்துவராயின் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்றிதழ் அவரிடம் இருக்க வேண்டும்.

மின்னூசி முறையில் ஒவ்வொரு மயிர்க்காலிலும் நுண்ணூசியைச் செலுத்தி மின்சாரத்தால் அழிக்கின்றனர். 1875ஆம் ஆண்டில் சார்ல்ஸ் மிஷெல் என்னும் கண் மருத்துவர், கண்ணுக்குள் வளர்ந்த இமை முடியை நீக்க இதனைக் கையாண்டார். நரைமுடியையும் நிரந்தரமாக நீக்க வல்லது; ஆனால், நேரமும் செலவும் மிகுதி. இரு புருவங்களுக்கு இடைப்பட்ட முடி, காது மடல் முடி போன்ற சிறு இடங்களுக்கே ஏற்றது. தழும்பு மேடு உண்டாகும் இயல்புடையோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக்கூடாது.

பிளேடு யாருடையது?

எந்த முறையைவிடவும் உயிருடன் தொடர்புடையது இக்கேள்வி. ஹெப்பாடிடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாள்கள் வரை உயிர்வாழக்கூடியது. மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த நம் அப்பா, மாமா, சித்தப்பாக்களுள் பலருக்கு அப்பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஹெப்பாடிடிஸ் சி நோய்க்கு மருந்து உண்டு. தடுப்பூசி இன்றுவரை இல்லை. இவை இரத்தத்தின் வழி பரவும் நோய்கள். கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தமே போதும். ஆகவே, வீட்டில் ஒரே கத்தியை அப்பாவும் பிள்ளையும் பயன்படுத்தலாகாது. விடுதி அறையில் இரவல் கொடுக்கலாகாது. தைப்பூசத்தன்று முடிக்காணிக்கை செலுத்தும்போதும் ஒவ்வொரு தலைக்கும் புதிய பிளேடு மாற்றப்படுவதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறு வயது முதல் நமக்கு முடி வெட்டிவிட்ட அண்ணனிடம் 'புது பிளேடு போடுங்கள்' என்று கேட்க நமக்குத் தயக்கம் வருவது இயல்பே. அது மரியாதைக் குறைவாகாது. அவர் விரலிலும் காயம் படுமாதலால், அவருக்கும் அது பாதுகாப்பே.

முடிவுரை

தோல் தொல்லை இல்லாதோர் முறைப்படி மழிக்கலாம். கொப்புளமும் கருந்திட்டும் உள்ளோர் சில வாரங்கள் மழிப்பதை நிறுத்தி, டிரிம்மருக்கு மாறிப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிடில் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, தோல் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெறலாம். லேசர் அதன் பின்னரே சிந்திக்கத்தக்கது. முடியை நீக்காமலே விட்டுவிடுவதும் ஒரு தேர்வுதான்; அதில் அழுக்கோ இழிவோ இல்லை. நண்பர்களின் கேலியையும் விளம்பரத்தின் வழுவழுப்பான முகத்தையும் பார்த்து முடிவெடுக்காமல், நம் தோலைக் கண்ணாடியில் பார்த்து முடிவெடுப்போம்.