ராமேசுவரம் தீவு: எந்த மாதத்தில் எந்தக் கரை

ராமேசுவரம் தீவை இரண்டு கடல்கள் சூழ்கின்றன. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மேற்கில் பாம்பனில் தொடங்கும் தீவு, தென்கிழக்கில் அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிக்கொண்டே போகிறது. தனுஷ்கோடியைத் தாண்டிய பிறகு சாலைக்கு வலப்பக்கம் மன்னார்க் கடலும் இடப்பக்கம் பாக் கடலும் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும். ஒரு பக்கம் அலை ஆளைப் புரட்டும் நாளில் மறுபக்கம் முழங்கால் நீரில் குழந்தைகள் விளையாடலாம். தென்கடலை ஆண்கடல் என்றும் வடகடலைப் பெண்கடல் என்றும் மீனவர்கள் சொல்வது இந்தக் குண வேறுபாட்டைத்தான். எனவே தீவில் எந்தக் கரை நல்லது என்று கேட்பவர் முதலில் மாதத்தைச் சொல்ல வேண்டும்.

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு இந்தக் கடல் அந்நியமானதல்ல. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஊருக்குள் வரும் சாலைக்குக் கொச்சி–தனுஷ்கோடி சாலை என்று பெயர். பழைய எண் 49 கொண்ட அந்தத் தேசிய நெடுஞ்சாலை மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாகத் தீவுக்குப் போனது. ஏலக்காய் மலையிலிருந்து கடல்முனைவரை ஒரே சாலை. போடியிலிருந்து ராமேசுவரம் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். அகலப் பாதை வேலைக்காக 2010 இறுதியில் நின்றுபோன போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்ததால், மதுரை போய் வண்டி மாறும் வசதியும் இப்போது உண்டு.

கரையைத் தீர்மானிப்பது காற்று. வைகாசிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்து, போடிமெட்டில் சாரலாகவும் மூடுபனியாகவும் நின்று, ஏலத்தோட்டத்துக்கு ஈரம் தந்துவிட்டு, வறண்ட காற்றாகத் தேனிச் சமவெளியில் இறங்கிக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதுதான். இதே பருவத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கிறது. தெற்கே போகப்போக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் கொண்ட திறந்த கடல் அது. இந்தியப் பெருங்கடலின் அலைகளுக்கு நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. பாக் விரிகுடாவிலோ காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகிறது. பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கும் ஆழத்தில், கரையோரம் அலை எழும்ப இடமில்லை. ஆனி, ஆடி, ஆவணியில் வடகரைக்குப் போவதே சரி.

ஐப்பசியில் வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிறது. போடிக்கு மழை தரும் வடகிழக்குப் பருவம் பாக் கடலைக் கலக்கிச் சேற்று நிறமாக்குகிறது. கடற்புல்லும் பாசியும் குவிந்து வடகரை சில நாட்கள் நாறும். தென்கரை அப்போது ஒப்பீட்டளவில் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரை புயல் காலம் என்பதால் வானிலை எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

தை கழிந்து வாடை ஓய்ந்த பிறகு, மாசி முதல் சித்திரை வரை இரண்டு கடலும் அடங்கியிருக்கும் நல்ல காலம். தோட்டங்களில் காய் எடுப்பு முடிந்து கை ஓயும் நேரமும் அதுவே. போடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பருவம் இல்லை. வெயில் மட்டும் கடுமை, நிழல் குறைவு. சித்திரை, வைகாசியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தென் இந்தியப் பெருங்கடலின் தொலைவான புயல்களில் பிறந்த அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரெனக் கரையேறும். கள்ளக்கடல் எனப்படும் இதற்கு ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அந்த நாட்களில் தென்கரை வேண்டாம்.

காற்றைப் பார்த்துக் கரை தேர்வது உலகெங்கும் தீவுக்காரர்களின் வழக்கம். கிரேக்கத்தின் ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று விடாமல் வீசும். மிக்கோனோஸ் தீவில் அப்போது குளிக்க வருவோர் தென்கரையின் ஒர்னோஸ், பிளாட்டிஸ் யாலோஸ் பக்கம் ஒதுங்குகிறார்கள். காற்றுப் பாய்மரப் பலகை ஓட்டுபவர்கள் வடக்கே ஃப்டெலியாவுக்குப் போகிறார்கள். பலரும் பெயர்பெற்ற கரையைத் தேடித்தான் பயணம் திட்டமிடுகிறார்கள். பெயரைவிடப் பருவமே நம்பகமான வழிகாட்டி.

தீவின் கரைகளில் முதலில் எல்லோரும் காண்பது ராமநாதசுவாமி கோயிலுக்குக் கிழக்கே உள்ள அக்னி தீர்த்தம். அது நீராடும் கரை, நீந்தும் கரையல்ல. ஆடி, தை அமாவாசைகளில் நிற்க இடமிருக்காது. நனைந்த துணியைக் கடலில் விட்டுவரும் பழக்கம் அந்தக் கரையைக் கெடுக்கிறது. நீராடுவோர் அதைக் கைவிடுவது கடலுக்குச் செய்யும் பேருதவி. அமைதி தேடுவோருக்குச் சற்று வடக்கே சங்குமாலும் ஓலைக்குடாவும் இருக்கின்றன. அவை மீனவர் ஊர்கள். படகும் வலையும் கிடக்கும் இடத்தில் ஒதுங்கி நிற்பதே மரியாதை. தங்கச்சிமடத்துப் பக்கம் வடகரையில் உள்ள வில்லூண்டி தீர்த்தத்தில், கடலுக்குள் நிற்கும் கிணற்றில் நல்ல நீர் கிடைப்பதைக் காணலாம்.

தென்கரையில் பாம்பனுக்கு அருகே குந்துகால். சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கால்வைத்தது இங்கேதான். நினைவு மண்டபம் உண்டு. எதிரே தெரியும் சிறு தீவுகள் 1986இல் அமைந்த மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியின்றி அங்கே இறங்க முடியாது. பவளப்பாறைத் துண்டு ஒன்றைக்கூட எடுத்துவரக் கூடாது.

தீவின் கரைகளில் தனுஷ்கோடிக்கு நிகர் எதுவுமில்லை. இலங்கைக்குக் கப்பல் போன துறைமுக ஊர் அது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிய புயலில் ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் அலை கொண்டுபோனது. தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்றும் மணலில் நிற்கின்றன. வழியிலுள்ள கோதண்டராமர் கோயில் அந்தப் புயலுக்குத் தப்பியது. அதைச் சுற்றிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக இரைதேடும். 2025இல் தமிழக அரசு தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது.

2017இல் சாலை வந்தபிறகு அரிச்சல்முனை வரை பேருந்திலேயே போகலாம். முன்பு மணலில் வேன் ஏறிப் போக வேண்டியிருந்தது. முனையில் இரு கடலின் நீரோட்டங்களும் மோதுகின்றன. காலடி மணல் சட்டெனச் சரியும். பல உயிர்கள் போன இடம் என்பதால் அங்கே குளிக்கத் தடை. கடல் அமைதியாகத் தெரியும் நாளிலும் இந்தத் தடையை மீறக் கூடாது. மாலையில் காவல்துறை எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், காலையில் போவதே உத்தமம். வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு. குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

சிறு குழந்தைகளோடு குளிப்பதற்கென்றே வருவோர் தீவுக்குள் தேடி அலைய வேண்டியதில்லை. பாம்பன் பாலத்துக்கு முன்பே, உச்சிப்புளிக்கு அருகில், பாக் கடலோரம் அரியமான் இருக்கிறது. அகன்ற மணற்பரப்பு, பின்னால் சவுக்குத் தோப்பின் நிழல், வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவைத் தாண்டாத நீர். பள்ளி விடுமுறையான சித்திரையிலும், சாரல் காலமான ஆடியிலும் அது நம்பிப் போகக்கூடிய கரை. மார்கழி விடுமுறையில் வருவோர் அரியமானை விட்டுவிட்டு, புயல் எச்சரிக்கை இல்லாத நாளாகப் பார்த்து, குந்துகாலுக்கும் தனுஷ்கோடியின் தென்பக்கத்துக்கும் போகலாம்.