பொதிகை திரும்பி வருவதற்குள்

மத்தியதரைக் கடலில் சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்கு ரோம் நகரம் ஒரு பகல்தான். காலையில் சிவிட்டவெக்கியா துறைமுகத்தில் இறங்கி ரயில் பிடிப்பார்கள். மாலைக்குள் கப்பலுக்கு ஓடி வருவார்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது. நமக்கு அப்படி ஒரு பகலைப் பொதிகை எக்ஸ்பிரஸ் தருகிறது. இரவு சென்னை எழும்பூரில் ஏறினால் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர். அன்று இரவே ராஜபாளையத்தில் சென்னை போகும் பொதிகையில் ஏறிக்கொள்ளலாம். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதில் பிசகினால் பாதி நாள் வீண்.

முதலில் திரும்பும் டிக்கெட். ரயிலில் 60 நாளுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடுகிறது. போகிற டிக்கெட் கிடைத்து வருகிற டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் தொங்கினால் நாள் முழுக்க மொபைலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஆடிப்பூரத் தேரோட்டம் ஆயுளில் ஒருமுறை பார்க்க வேண்டியது; ஆனால் அன்று வேறு எதையும் பார்க்க முடியாது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பக்கத்துத் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளுக்குக் கூட்டம் பெருகும். ஆட்டோவும் பஸ்ஸும் அந்தப் பக்கமே போகும்.

தோளில் மாட்டுகிற ஒரு பை போதும். சின்ன ஸ்டேஷனில் பெட்டியை வைத்துவிட்டுப் போகலாம் என்று நம்பி வராதீர்கள். குளிக்க மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு அறை தரும் லாட்ஜ் ஊருக்குள் இருக்கிறதா என்று ஆட்டோக்காரரிடம் கேட்டால் கொண்டுபோய் விடுவார். குளித்து, இட்லி சாப்பிட்டு, நேரே ஆண்டாள் கோயில்.

கோயில் ஏன் முதலில் என்றால், உச்சிப்பொழுதோடு நடை சாத்திவிடுவார்கள்; பிறகு திறப்பது சாயங்காலம்தான். 'முதலில் அருவியில் குளித்துவிட்டுச் சாமி கும்பிடலாம்' என்று கிளம்புகிற கோஷ்டிகள் மூடிய கதவைத்தான் கும்பிடுகின்றன.

உள்ளே இரண்டு கோயில்கள். மேற்கே ஆண்டாள் சன்னிதி. கருவறையில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் நிற்க, மறுபுறம் கருடனும் கூடவே நிற்கிறார். மற்ற பெருமாள் கோயில்களில் சன்னிதிக்கு எதிரே கைகூப்பி நிற்பவர், இங்கே அவர்களுக்குச் சமமாக ஒரே பீடத்தில். அடுத்து ஆண்டாளின் இடக்கையைப் பாருங்கள். அந்தக் கிளி தினமும் புதிதாகக் கட்டுவது: மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு, கட்டுவதற்கு வாழைநார். கூட்டம் நகர்த்திவிடுவதற்குள் மூக்கின் சிவப்பு கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். பிராகாரத்தில் கண்ணாடிக் கிணறு. மாலையைச் சூடி ஆண்டாள் அழகு பார்த்ததாகச் சொல்லும் இடம். அவள் சூடிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது. சித்திரையில் ஆற்றில் இறங்கும் அழகருக்கு மதுரை போகிறது.

வெளியே வந்தால் பெரியாழ்வார் துளசிச் செடியடியில் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்த நந்தவனம். அதைத் தாண்டி வடபத்ரசாயி கோயில். அவசரக்காரர்கள் ஆண்டாளோடு திரும்பிவிடுகிறார்கள், அது தப்பு. படியேறி மேலே போனால்தான் பள்ளிகொண்ட பெருமாள். 11 நிலை ராஜகோபுரம் இந்தக் கோயிலுக்குத்தான். உயரம் 192 அடி. தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இதுதான் என்பது ஊர்ப் பெருமை. இல்லை, மதுரை மேலக்கோபுரம் என்போரும் உண்டு. அந்த வழக்கை இங்கே டீக்கடையில் எடுக்க வேண்டாம், ரயிலைத் தவறவிடுவீர்கள்.

நடை சாத்தும் நேரத்துக்குப் பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு இது. பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் கிடையாது. அடுப்பு தெரிகிற கடையாகப் பார்த்து நில்லுங்கள். அகன்ற இரும்புச் சட்டியில் பால் கொதித்துச் சுண்டும்வரை துடுப்பு நிற்பதில்லை. ஓரத்தில் படிகிற ஏட்டைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ளுவார்கள். சட்டியின் அடி பிடித்துவிட்டால் அந்த ஈடே போச்சு. "இன்னிக்குக் கிண்டினதாண்ணே?" என்று கேட்டு வாங்குங்கள். சூடாகக் கொடுத்தால் டப்பாவை உடனே இறுக்கி மூடக் கூடாது. ஆவி வேர்த்துத் தண்ணீர் விட்டால் சீக்கிரம் கெடும்.

அடுத்து ராஜபாளையம் பஸ். அடிக்கடி உண்டு, அரை மணி நேரம். சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு மேற்கே மலையடிவாரத்து அய்யனார் கோயில் அருவிக்கு ஆட்டோ பேசலாம். போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து முதலிலேயே வாடகையை முடித்துவிடுங்கள். மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தாண்டி, ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைக் கடந்து போகும் வழி அது. அப்பால் காடு. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் இந்த மலைத்தொடர்தான். சாம்பல் நிற அணிலுக்குப் பேர்போன காடு. வெள்ளம் வந்தால் வனத்துறை உள்ளே விடாது, கோடையில் தண்ணீர் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை நல்ல மாதங்கள். இருட்டுவதற்குள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும்.

அருவி இல்லாத மாதமென்றால் ஊருக்குள்ளேயே இருங்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி. எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டைக் கலைக்கென்று கொடுத்ததில் உருவான காந்தி கலை மன்றம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமாக ராஜபாளையம் நாய் எங்காவது தென்பட்டால் தூர நின்று பாருங்கள். 2005-இல் தபால்தலையில் இடம்பெற்ற இனம். அந்நியர் கை நீட்டினால் பொறுத்துக்கொள்ளாது. குட்டி விலை பேசுகிற ஆட்கள் வந்தால் நகர்ந்துவிடுங்கள். ஓடித் திரிய இடம் கேட்கிற நாயைச் சென்னை அடுக்குமாடியில் அடைப்பது பாவம்.

சதுரகிரியையும் குற்றாலத்தையும் இதே பகலில் சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். இரவு ரயில் வருவதற்கு அரை மணி முன்பே பார்சலோடு ஸ்டேஷனில் இருங்கள். வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். உங்கள் கோச் எங்கே வரும் என்று கேட்டு அந்த இடத்தில் நின்றுகொள்வது நல்லது.