விற்பனைச் சீட்டில் எழுதத் தக்கவை
நம் சரக்கு உயர்ந்தது என்று நாமே புகழ்ந்துகொண்டால் வாங்குவோர் நம்பார். அதைச் செய்தவர் யாரென்று அறிந்தால் நம்புவர். 1935-ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், பிற்காலத்தில் பட்டுச் சேலைகளுடன் நெசவாளரின் பெயரும் படமும் தாங்கிய அட்டையை இணைத்தது இதனாலேயே. 2006-இல் மத்திய அரசு வகுத்த கைத்தறி முத்திரையும், துணி விசைத்தறியில் நெய்யப்பட்டதன்று என்பதற்கு அத்தாட்சி.

சானமாவு விவசாய அங்கத்தினர்களும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். தக்காளிப் பெட்டியின்மீது "முதல் தரம்" என்று மட்டும் எழுதாமல், ஊர், ரகம், பறித்த தேதி, நிகர எடை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பெங்களூர் வியாபாரிகளை உத்தேசித்துக் கன்னடத்திலும் எழுதுதல் நலம்.

ஆயின், எழுதிய ஒவ்வொரு சொல்லும் வாக்குறுதியாகும். ஒருவர் மேலே நற்காயும் அடியில் சொத்தையும் அடுக்கினால், அச்சீட்டே சங்கம் முழுமைக்கும் எதிர்ச்சாட்சியாகிவிடும். ஆதலால் முதலில் தரம் பிரியுங்கள். பிறகு சீட்டு எழுதுங்கள்.