பழைய ஏடுகளும் புதிய பட்டதாரிகளும்

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் வழியில், திராட்சைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிற்றூர் சுருளிப்பட்டி. அவ்வூர் மாணவர் ஒருவர், தம் ஊரின் பழைய செய்திகளைத் திரட்ட விழைகின்றார் எனக் கொள்வோம். கணிப்பொறியின் முன் அமர்ந்து ‘தேனி மாவட்டம்’ எனத் தேடுகின்றார். நூறாண்டுப் பழமையுடைய ஆவணம் ஒன்றும் அகப்படவில்லை. எவ்வாறு அகப்படும்? தேனி மாவட்டம் உருவானதே 1996இல்தான். அதற்கு முன் இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மதுரையையும் ஆங்கிலேயர் ‘மதுரா’ என்றே எழுதினர். 1868இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டுக் கையேடு, 1899இல் மெக்கன்சி எழுதிய பெரியாற்றுத் திட்ட வரலாறு, 1906இல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட விவரச்சுவடி ஆகிய மூன்றும் கம்பம் பள்ளத்தாக்கை அறிய இன்றியமையாதவை. இவற்றின் தலைப்புகளில் தேனி என்னும் சொல்லே இல்லை.

வரலாற்றுப் பட்டதாரியின் தேவை இங்குத்தான் எழுகின்றது. ஏடுகளைப் படமெடுக்கும் கருவியை இயக்க எவரும் சில நாள்களில் கற்றுக்கொள்ளலாம். எடுத்த படம் எந்நூலைச் சார்ந்தது, எவ்வாண்டினது, அதில் வரும் ஊருக்கு வேறு பெயர்கள் எவை எனக் குறிப்பெழுதுவதற்கோ வரலாற்றறிவு வேண்டும். குறிப்பில்லாத படம், முகப்பேடு இழந்த நூலைப் போன்றது. இருந்தும் யார்க்கும் கிட்டாது.

வருவாய்த்துறை ஏடுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் ஆண்டு பசலியில் குறிக்கப்பட்டிருக்கும். அக்பர் காலத்தில் வரி வசூலுக்கென ஏற்பட்ட இக்கணக்கை இன்றும் நம் கிராமக் கணக்குகளில் காண்கிறோம். பசலி 1305 என்றால் 590ஐக் கூட்ட வேண்டும். 1895 சூலை முதல் 1896 சூன் வரை என விடை வரும். பெரியாற்று அணை திறக்கப்பட்டதும் 1895இல்தான். இதனை அறிந்தவர்க்கே அவ்வேட்டின் அருமை புலப்படும்.

எழுத்துச் சிக்கல் வேறு உண்டு. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. தெளிவான அச்சைப் படிக்கும் மென்பொருள் அங்கே தடுமாறும். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்களின் நிலை இன்னும் கடினம். தமிழ் மட்டும் கற்றவர்க்கு எழுத்து விளங்காது. அரபு மட்டும் கற்றவர்க்குப் பொருள் விளங்காது. இரண்டும் அறிந்த மாணவர்கள் நம்மைப் போன்ற கல்லூரிகளிலிருந்தன்றோ வரவேண்டும்?

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராய் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல், இதழ், துண்டறிக்கை முதலியவற்றைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்குப் பெற்றது. எனினும் கடல் கடத்தாமல், 1994இல் சென்னையிலேயே ஆய்வு நூலகம் அமைய வழிசெய்தது. நூல்கள் அங்கே நுண்படச் சுருள்களில் பதியப்பட்டன. சுருளைப் படிக்க ஒளியும் உருப்பெருக்கியும் போதும். கணிப்பொறிக் கோப்போ, காலந்தோறும் புதிய வடிவுக்கு மாற்றப்படாவிடில் திறவாது போகும்.

இப்பணியை விழையும் பட்டதாரிக்குத் தில்லி தேசிய ஆவணக் காப்பகம் ஓராண்டுப் பட்டயப் பயிற்சி நடத்தி வந்துள்ளது. பணியிடங்கள் மிகுதியல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரணிலுள்ள பழம்பத்திரங்களை நெகிழித்தாளில் சூடேற்றி ஒட்டிவிடாதீர்கள். பின்னர்ப் பிரித்தெடுத்தல் அரிது. எவ்வீட்டில், எவர் வழியாக வந்தவை எனத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். சுருளிப்பட்டி மாணவரோ இம்முறை ‘மதுரா’ என்று தேடுவாராக. அடுத்து ‘பெரியகுளம்’ என்று.