மேடைக்கு வேண்டிய இடம்

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கும் இடையே அமைந்த செடெனாக், நெடுங்காலம் தோட்டத்தாலும் எண்ணெய் ஆலையாலும் அறியப்பட்ட சிற்றூர். இன்றோ அருகில் எழுந்துவரும் தொழில்நுட்பப் பூங்காவின் தரவு மையங்கள், அதாவது பிறர் கைப்பேசியிலும் கணினியிலும் காணும் படங்களையும் செய்திகளையும் இரவும் பகலும் குளிரூட்டிக் காத்துவைக்கும் கணினிக் கிடங்குகள், அதன் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுசென்றுள்ளன. இவ்வூரில் வளரும் தமிழ் இளைஞர் ஒருவருக்கு உலகின் எந்தத் திரைப்படமும் விரல் நுனியில் கிடைக்கிறது. ஆனால் நாடகத்துக்கெனக் கட்டிய அரங்கில் அமர்ந்து, நடிகரின் மூச்சு வாங்கும் ஒலி காதில் விழும் தொலைவில், ஒரு நாடகத்தைக் காண வேண்டுமானால் தெற்கே கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கோ, வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் செய்து கோலாலம்பூருக்கோதான் பெரும்பாலும் அவர் செல்ல வேண்டியிருக்கிறது.

நிகழ்த்துவோரும் காண்போரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும் என்பதே நாடகத்தைத் திரைப்படத்திலிருந்து பிரிக்கும் அடிப்படை இயல்பு. ஆங்கிலேய நாடக இயக்குநர் பீட்டர் புரூக் 1968இல் வெளியிட்ட நூலில், வெறுமையான ஓர் இடத்தை ஒருவர் கடந்து செல்வதும் அதை இன்னொருவர் பார்த்திருப்பதுமே நாடகம் தொடங்கப் போதுமானவை என்று வரையறுத்தார். இவ்வரையறையில் திரைச்சீலைக்கும் ஒளிவிளக்குக்கும் இருக்கைக்கும் இடமில்லை. பார்ப்பவர் ஒருவர் நிச்சயம் வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இருக்கிறது. பார்ப்பவரோ வெறுங்கையோடு வருவதில்லை, தம் எதிர்பார்ப்பையும் உடன்கொண்டே வருகிறார்.

செருமானிய இலக்கிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் 1967 அளவில் இதை 'எதிர்பார்ப்பின் தொடுவானம்' என்ற கருத்தாக வகுத்தார். தொடுவானம் என்பது ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் எல்லை. அதுபோல, முன்னர் படித்தவையும் பார்த்தவையும் சேர்ந்து, புதிய படைப்பொன்றில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்ற எல்லையை வாசகர் மனத்தில் வரைந்துவிடுகின்றன என்பது அவர் கருத்து. செடெனாக் இளைஞரின் தொடுவானத்தை வரைந்தது பெரும்பாலும் திரை. கண்ணீர்த் துளி உருளும்போது அம்முகம் திரை முழுவதையும் நிரப்ப வேண்டும், சோகம் வந்தால் பின்னணி இசை வர வேண்டும், காடு என்றால் மரங்கள் தெரிய வேண்டும் என்று பழகிய கண்ணுக்கு, ஒற்றை நாற்காலியை அரண்மனை என்று சொல்லி நடிக்கும் மேடை முதலில் ஏமாற்றமாகவே படும். அந்த ஏமாற்றத்தைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. நாடகம் பார்க்கக் கற்பதன் முதல் பாடமே அதுவாக இருக்கலாம்.

பழந்தமிழ் மேடையின் அளவை நினைத்துப் பார்த்தால், நாடகத்துக்குச் சிறிய வெறும் மேடையே போதும் என்பது இன்னும் தெளிவாகும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கம் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்டது என்று கணக்குச் சொல்கிறது. ஒரு கோல் என்பது 24 பெருவிரல் அளவு. விரலின் பருமனை எப்படிக் கொண்டாலும் கோல் என்பது அரை மீட்டரைச் சற்று முன்பின் ஒட்டியே அமைவதால், அந்த அரங்கத்தின் பக்கம் ஒவ்வொன்றும் நான்கு மீட்டரை ஒட்டியே இருந்திருக்கும். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைப் பேசும் அதே காப்பியம், ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி ஏழாண்டுகள் கற்றுப் பன்னிரண்டாம் வயதில் ஏறிய ஆடல்மகளுக்கு அளித்த இடம், இன்றைய தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, வீடொன்றின் வரவேற்பறையைவிடப் பெரிதன்று. பெரிய மேடை பெரிய கலையைத் தரும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, காப்பியத்திலிருந்து வரவில்லை.

நாடகத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு ஓர் இளைஞரின் வாழ்வைத் திசைமாற்றியதற்குத் தமிழ் நாடக வரலாற்றில் தெளிவான சான்று பம்மல் சம்பந்த முதலியார். 1873இல் சென்னையில் பிறந்த அவர், இளமையில் தமிழ் நாடகங்களின் மீது மதிப்பில்லாதவராகவே இருந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் ஒளிவின்றி எழுதியுள்ளார். 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு என்பவரின் குழு சென்னைக்கு வந்து நடத்திய தெலுங்கு நாடகங்களைப் பார்த்தபின் அந்த எண்ணம் அடியோடு மாறியது. படித்தவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் மேடையேறி நடிக்க முடியும் என்பதை அவர் முதன்முதலாகக் கண்ணால் கண்டார். அதே ஆண்டில், தமக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது, நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் வழக்குரைஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றியபோதும் மேடையை அவர் விடவில்லை. எழுதிய நாடகங்கள் தொண்ணூறைத் தாண்டும். கூத்தாடி என்ற சொல் வசையாக வழங்கிய காலத்தில், பகலில் வழக்குமன்றத்திலும் மாலையில் ஒத்திகையிலும் இருந்த அவருக்கு 1959இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

சம்பந்த முதலியாருக்கு அமைந்த வாய்ப்பு எல்லோருக்கும் அமைந்ததன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக விளங்கிய மதுரை தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், 1918இல், தம் சகோதரர்களுடன் சேர்ந்த நாடக நடிகர் தி. க. சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. சிறுவர்களே எல்லா வேடங்களையும் ஏற்று ஊர் ஊராகச் சென்று நடித்த அத்தகைய குழுக்கள் பாய்ஸ் கம்பெனி எனப்பட்டன. அங்கு நாடகம் சோறு போடும் தொழிலாகவும் பள்ளிக்கூடமாகவும் ஒருங்கே இருந்தது. ஒருவர் வேலைக்குப் பின் மேடைக்கு வந்தார். மற்றவருக்கு மேடையே வேலையாக வாய்த்தது. செடெனாக் இளைஞரின் நிலை முன்னவருடையதை ஒத்தது, நீதிபதியின் ஓய்வுநேரம் அவருக்கு இல்லை என்பதைத் தவிர.

அந்த இளைஞரின் அன்றாடத்தை எண்ணிப் பார்க்கும்போது, கனடாவில் பிறந்த சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1956இல் முன்வைத்த கருத்து பொருத்தமாகிறது. மனிதர் ஒவ்வொருவரும் பிறர் முன்னிலையில் ஏற்ற வேடத்தைத் தாங்கும் இடத்தை 'முன்மேடை' என்றும், அந்த வேடத்தைக் களைந்து இளைப்பாறும் இடத்தைப் 'பின்மேடை' என்றும் அவர் பிரித்தார். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் ஆய்வு செய்தபோது, விடுதிப் பணியாளர்கள் சமையலறையில் ஒருவிதமாகவும் கதவைத் தள்ளிக்கொண்டு விருந்தினர் கூடத்துக்குள் நுழைந்ததும் வேறுவிதமாகவும் நடந்துகொண்டதைக் கவனித்ததும் இக்கருத்துக்கு அடித்தளமாயிற்று.

இந்தப் பாகுபாட்டைத் தோட்டத் தமிழர் கோஃப்மனுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்று சொன்னால் மிகையாகாது. விடியும் முன்னர் தொழிலாளர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்து அன்றைய வேலையை ஏற்கும் கூட்டத்துக்கு, அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து திரிந்த 'பெரட்டு' என்ற பெயர் மலேசியத் தோட்டங்களில் வழங்கியது. இலங்கை மலையகத்திலும் இதே சொல் சிறு திரிபுடன் உண்டு. வேலையை மேற்பார்த்த கங்காணியின் முன் குனிந்து நின்ற அதே மனிதர், லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டுக்குத் திரும்பியதும் அவரைப் போலவே பேசிக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கலாம். பெரட்டுக்களம் முன்மேடை, லயத்தின் முற்றம் பின்மேடை. அவருடைய பேரப்பிள்ளை இன்று அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடப்பதாகச் சொல்லப்படும் கடற்பாலத்தின் நெரிசலில் நின்று, குடிநுழைவு அதிகாரியின் முன் ஒரு முகமும், மேற்பார்வையாளரின் முன் ஒரு முகமும், வீட்டில் தேர்வு முடிவையும் வேலை உறுதியையும் திருமணத்தையும் பற்றிக் கேட்கும் உறவினர் முன் மற்றொரு முகமும் காட்டுகிறார். போதாக்குறைக்கு, கைப்பேசியின் முன்பக்கக் கேமரா அவருடைய படுக்கையறையையும் முன்மேடையாக்கிவிட்டது.

தமிழில் 'நாடகம் ஆடாதே', 'டிராமா போடாதே' என்பவை கண்டனச் சொற்கள். நடிப்பைப் பொய்யென்று கருதும் இவ்வழக்கு, அன்றாட வாழ்வில் வேடம் தாங்காதவர் எவரும் இல்லை என்பதை மறைமுகமாக ஒப்புக்கொள்வதாகவும் இருக்கிறது. இதற்கு மாறாக, மேடையில் ஏறியவர் தாம் நடிப்பதை மறைப்பதில்லை. தெருக்கூத்தின் கட்டியங்காரன், அதாவது கதையை அறிமுகப்படுத்தி இடையிடையே கேலி பேசும் பாத்திரம், கதையின் காலத்திலிருந்து சட்டென்று வெளியேறி, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரை வம்புக்கிழுப்பார். அடுத்த நொடியில் துரியோதனன் அவையில் நிற்பார். பார்வையாளர் இரண்டையும் ஏற்கின்றனர். வேடத்தை வெளிப்படையாக அணியவும் கழற்றவும் இடம் தரும் ஒரே பொதுவெளி என்பதால்தான், எதிர்பார்ப்புகளின் நடுவே வாழும் இளைஞருக்கு நேரடி நாடகம் வேறெதுவும் தராத ஒரு நிம்மதியைத் தருகிறது என்று கொள்ளத் தோன்றுகிறது.

எதிர்பார்ப்பு ஒரு நாடகத்தைக் கெடுக்கவும் வாழவைக்கவும் கூடும் என்பதற்கு நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' கொண்ட பயணம் நல்ல சான்று. 1953 ஜனவரியில் பாரிசில் அரங்கேறிய இந்நாடகத்தில், கோடோ என்ற ஒருவருக்காக இரு நாடோடிகள் காத்திருக்கின்றனர், அவர் வருவதேயில்லை. 1956இல் அமெரிக்காவின் மயாமி நகரில் இது பெரும் சிரிப்பு விருந்து என்று விளம்பரம் செய்யப்பட்டதால், நகைச்சுவையை நம்பி வந்தோர் பலர் முதல் அங்கத்துடன் எழுந்து போயினர். மறு ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைச்சாலையில் ஏறத்தாழ 1,400 கைதிகள் முன் அதே நாடகம் நடிக்கப்பட்டது. அதில் பெண் பாத்திரம் இல்லை என்பது அதைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களுள் ஒன்று என்பது வேடிக்கையான செய்தி. புலமையாளர் தடுமாறிய நாடகத்தைக் கைதிகள் உடனே பற்றிக்கொண்டனர். காத்திருப்பதன் பொருளை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று அரங்குக்கு வர அனுமதி கிடைக்காமல், தம் அறையில் ஒலிபெருக்கி வழியாகவே அதைக் கேட்ட ரிக் குளூச்சி என்ற கைதி, பின்னர் சிறைக்குள் நாடகக் குழு அமைத்தார். விடுதலைக்குப் பின் பெக்கெட்டின் இயக்கத்திலேயே நடித்தார்.

மலேசிய மண்ணுக்கு வந்தால், மேடை இங்கே அந்நியப் பொருளன்று. மலாய் மக்களின் பங்சாவான் நாடகம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பின்பற்றி உருவானது. அதே பார்சி மேடையின் திரைகளும் பாட்டுகளும் தமிழ்நாட்டு நாடகத்திலும் படிந்தன. ஆகவே மலாய் மேடையும் தமிழ் மேடையும் ஒருவகையில் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். ஜொகூரில் 1932இல் பிறந்து, புதுமைதாசன் என்ற பெயரில் சிங்கப்பூரில் எழுதிய பி. கிருஷ்ணன், 1969–70இல் வானொலியில் ஒலித்த 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' தொடரில் அடுக்குமாடிக் குடும்பத்தின் சில்லறைச் சச்சரவுகளையே நாடகமாக்கினார். மலேசியாவின் கே. எஸ். மணியம், 1980களில் ஆங்கிலத்தில் எழுதிய நாடகத்தில், தோட்டத்துத் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான கசப்பை மேடையேற்றினார். இருவரும் எடுத்துக்கொண்டது அரசர் கதையன்று. அடுத்த வீட்டில் கேட்கும் பேச்சு.

கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் 2005இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் நிகழ்கலை மையம், 500 இருக்கைகளையொட்டிய முதன்மை அரங்கைக் கொண்டது. அது எழுந்த கட்டடம் ஒரு காலத்தில் இரயில்வேக்குச் சொந்தமாயிருந்தது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த பகுதி செந்தூல். 1909இல் ஜொகூர் வழியாக நிறைவுற்ற இருப்புப்பாதை செடெனாக்கையும் தொட்டே சென்றதால், அவ்வூர் இளைஞருக்கு அந்தச் செங்கற்சுவர்களோடு ஒரு தொலைதூர உறவு உண்டு என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் நுழைவுச்சீட்டு, போக்குவரத்து, இரவுத் தங்கல் ஆகியவற்றைக் கூட்டினால், ஒரு மாலை நாடகத்தின் விலை சில நாள் சம்பளமாகிவிடும். இதனால் நாடகம் என்பது நகரத்தாருக்குரியது, ஆண்டில் ஒருமுறை உடுத்திக்கொண்டு போய்ப் பார்க்கும் பொருள் என்ற எதிர்பார்ப்பு சிற்றூர்களில் வேர்விடுகிறது. தமிழ்ப்பள்ளி விழாவில் மாணவர் நடிப்பதையும், கோயில் திருவிழாவின் பந்தலில் வள்ளி திருமணம் நிகழ்வதையும் நாடகக் கணக்கில் சேர்க்கவே தயக்கம் வருகிறது.

இடம் ஒரு தடையன்று. மாதவியின் அரங்கம் கோயில் மண்டபத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடும், பொதுமண்டபத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளினாலும் இடம் மிஞ்சும். தடை நேரம்தான். சம்பந்த முதலியாரின் நண்பர்களுக்கு வழக்குமன்றமும் அலுவலகங்களும் ஏறத்தாழ ஒரே வேளையில் மூடின. செடெனாக்கில் ஆறு பேர் சேர்ந்து ஒரு நாடகம் போட நினைத்தால், ஒருவருக்கு ஆலையில் இரவு வேலை, ஒருவருக்குத் தரவு மையத்தில் பன்னிரண்டு மணி நேரக் காவல், இருவர் கடற்பாலத்தின் வரிசையில், ஒருவருக்குத் தேர்வு, இன்னொருவருக்கு வாடகைக் கார். அவர்கள் அறுவருக்கும் பொதுவாக ஒழியும் ஒரு மாலையைக் கண்டுபிடிப்பதற்குள் வசனம் பாதி மறந்துபோகும்.