ஒரு கிட்டார், ஒரு வயலின், ஒரு தபலா, ஒரு பானை

ஏலாக்குறிச்சிப் பிள்ளைகளுக்கு வீரமாமுனிவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இத்தாலியில் பிறந்தவர் உங்கள் ஊருக்கு வந்து, அதைத் திருக்காவலூர் என்று அழைத்து, தமிழ் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்து, தேம்பாவணி பாடினார். அவருக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் கழித்து இன்னொரு ஐரோப்பியர் நம்முடைய வேறோர் இலக்கணத்தைக் கற்க உட்கார்ந்தார். அது இசை இலக்கணம். அவர் பெயர் ஜான் மெக்லாஃப்லின், இங்கிலாந்துக்காரர். ஜாஸ் கிட்டாரில் ஏற்கெனவே பெரிய பெயர் எடுத்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தார்.

ஜாஸ் என்பது அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பதில் அதற்கு ஆசை குறைவு. மேடையிலேயே யோசித்து, மேடையிலேயே வாசிக்க வேண்டும். நம் கச்சேரியில் கற்பனை ஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் இதே வேலைதான்.

மெக்லாஃப்லினோடு மூன்று பேர் சேர்ந்தார்கள். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின்காரர் எல். சங்கர், மும்பையின் தபலாக்காரர் ஜாகிர் உசேன், நம் கடம் வித்துவான் விக்கு விநாயக்ராம். குழுவின் பெயர் சக்தி. 1975இல் பதிவான முதல் கச்சேரித் தட்டில் ராம்நாடு ராகவனின் மிருதங்கமும் இருந்தது. அதற்குப் பிறகு நால்வர்தான்.

அவர்களின் பதிவைக் கேட்டால் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். முன்கூட்டி எழுதி வைக்காமல், அத்தனை வேகத்தில், நான்கு பேரும் ஒரே நொடியில் சடாரென்று எப்படி நிற்கிறார்கள்?

‘ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் வாசிக்கிறார்’ என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? அது முடியாத காரியம். நண்பனை ஒரு 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். கீழ்முனையில் உங்கள் விரல்களை ஒட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவன் சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். பெரும்பாலும் 15 செ.மீ. பக்கம் பிடிப்பீர்கள். அளவுகோல் அவ்வளவு தூரம் விழ 0.17 விநாடி ஆகும். கண் பார்த்து, மூளைக்குப் போய், கைக்கு உத்தரவு வர இவ்வளவு நேரம். காதால் கேட்டுக் கை அசைய இதைவிடக் கொஞ்சம் குறைவு, சுமார் 0.15 விநாடி.

இப்போது தபலாவுக்கு வாருங்கள். விநாடிக்கு 10 அடி விழுகிறது என்றால் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.1 விநாடி. கேட்டுவிட்டு வாசிக்கலாம் என்று கடக்காரர் காத்திருந்தால், அவர் கை இறங்குவதற்குள் அடுத்த அடியே விழுந்து முடிந்திருக்கும்!

அப்படியானால் என்ன நடக்கிறது? மூளை முன்கூட்டியே கணிக்கிறது. சீராகப் போகும் கடிகார டிக் ஒலிக்கு நீங்களும் விரலால் மேசையைத் தட்டிப் பாருங்கள். நாலைந்து டிக்கிலேயே ஒன்றிவிடுவீர்கள். இதை ஆய்வுக்கூடத்தில் அளந்த விஞ்ஞானிகள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். பெரும்பாலானவர்களின் விரல் ஒலிக்குப் பின்னால் அல்ல, துளி முன்னாலேயே மேசையைத் தொடுகிறது. அதாவது அவர்கள் ஒலியைக் கேட்டுத் தட்டவில்லை. அது வரும் நேரத்தை எதிர்பார்த்துத் தட்டுகிறார்கள்.

கடிகாரம் மாறாமல் ஓடுவதால் கணிப்பது சுலபம். மனிதர் அப்படியா? ஜாகிர் உசேன் எந்த இடத்தில் குறும்பு செய்வார், சங்கர் மூச்சு இழுத்தால் அடுத்து என்ன வரும் என்பதெல்லாம் கூடவே வாசித்து வாசித்துத்தான் மூளையில் பதியும். நெடுநாள் கூட்டாளிகள் என்றால் அன்பு மட்டுமல்ல, ஒருவர் மூளையில் மற்றவரைப் பற்றிய கணக்கும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். நம் தாள இலக்கணமும் இதற்குக் கைகொடுக்கிறது. தனி ஆவர்த்தனத்தை முடிக்கும் கோர்வையை மூன்று முறை வாசிப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? முதல் முறையிலேயே மற்றவர்கள் நீளத்தைப் பிடித்துவிடுவார்கள். மூன்றாவது முடியும் புள்ளி எல்லாருக்கும் முன்பே தெரிந்துவிடும்.

சக்தி குழு மேடையில் நெருக்கமாக, தரையில் உட்கார்ந்து வாசித்ததிலும் இயற்பியல் இருக்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 3 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு 0.009 விநாடி தாமதம், கவலையில்லை. 17 மீட்டர் என்றால் 0.05 விநாடி, பாதி அடி தவறிப்போகும். தேருக்கு முன்னால் பேண்டு வாத்தியக்காரர்கள் நீள வரிசையாகப் போனால், முன்னால் போகிறவர் பின்னால் வரும் டிரம்முக்குக் காது கொடுப்பதைவிட முன்னே நடக்கும் தலைவரின் கையைப் பார்ப்பது நல்லது. ஒளிக்குத் தாமதமே கிடையாது என்று சொல்லிவிடலாம்.

தாளம் சரி, சுருதி? இரண்டு தந்திகளில் ஒன்று விநாடிக்கு 220 முறையும் மற்றது 223 முறையும் அதிர்ந்தால், ஒலி விநாடிக்கு 3 முறை ஏறி இறங்கி அலைவதைக் கேட்கலாம். தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகத் திருக அந்த அலைவு மெதுவாகி, மறைந்துபோகும். அப்போது சுருதி சேர்ந்துவிட்டது. வயலினுக்கும் கிட்டாருக்கும் திருகுவதற்கு ஏதோ இருக்கிறது. பானைக்கு? அந்தந்தச் சுருதிக்கு வேறு வேறு கடம்தான் எடுத்துவர வேண்டும்.

கடத்தை ‘வெறும் பானை’ என்று சொன்னால் மானாமதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரவும் வேண்டும். அந்த ஊர் மண்ணைப் பிசைந்து, ஈரமாக இருக்கும்போதே கட்டையால் தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்குகிறார்கள். அங்கே கடம் செய்யும் மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றவர். கருவியை வாசிப்பவருக்கு மட்டுமல்ல, செய்பவருக்கும் விருது உண்டு!

கடத்துக்குள் இரண்டு வாத்தியங்கள் ஒளிந்திருக்கின்றன. விரலால் சுவரைத் தட்டினால் மண் அதிர்ந்து கணீரென்று கேட்கும். வாய்ப்பக்கம் உள்ளங்கையால் தட்டினால் ‘கும்’ என்று வருவது மண்ணின் ஒலி அல்ல, உள்ளே இருக்கும் காற்றின் ஒலி. உள்காற்று ஸ்பிரிங் போல அமுங்கி விரிய, வாயில் இருக்கும் காற்று உள்ளும் புறமும் ஆடுகிறது. இதை ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ். வாய் குறுகினால் ஒலி தணியும். விக்கு விநாயக்ராம் கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் தளர்த்தியும் வாசிப்பதைப் பார்த்தால், அவர் வயிறும் வாத்தியத்தின் ஒரு பாகம் என்று புரியும்.

மெக்லாஃப்லினுக்கோ வேறு தொல்லை. ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் சாதாரணக் கிட்டாரில் சரியாக வராது. அதனால் ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்கெனத் தனிக் கிட்டார் செய்தார். மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் சீவியிருப்பதால் தந்தியை வீணையைப் போல இழுத்து வளைக்கலாம். குறுக்கே 7 கூடுதல் தந்திகளும் உண்டு. அவற்றின் சுருதியும் வாசிக்கும் சுருதியும் பொருந்தும்போது, விரல் படாமலே அவையும் அதிரும். அதன் பெயர் ஒத்ததிர்வு.

தபலாவின் கருப்பு வட்டம் எதற்கு? வெறும் தோலைத் தட்டினால் எழும் துணை ஒலிகள் முழு எண் மடங்காக அமையாது, இரைச்சலாகவே கேட்கும். நடுவில் அந்தப் பூச்சு ஏறினால் துணை ஒலிகள் முழு எண் மடங்குகளுக்கு நெருங்கி, ஸ்வரம் பிறக்கிறது. இதை விளக்கி 1920இல் எழுதியவர் சர் சி.வி. ராமன், உங்கள் ஊருக்கு மேற்கே, அதே கொள்ளிடம் ஆற்றோரம் உள்ள திருவானைக்காவலில் பிறந்தவர்.

சக்தி 1978 வாக்கில் பிரிந்தது. 1990களின் கடைசியில் மீண்டும் கூடிய பிறகு, மாண்டலின் ஸ்ரீநிவாஸும் விக்குவின் மகன் செல்வகணேஷும் வந்தார்கள். 2023இல் வந்த ‘திஸ் மொமென்ட்’ தொகுப்புக்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது. முதல் தட்டிலிருந்து அதுவரை கூடவே வந்த இருவர் மெக்லாஃப்லினும் ஜாகிர் உசேனும். ஜாகிர் 2024 டிசம்பர் 15இல் காலமானார்.

வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் சக்தியின் பழைய பதிவு ஒன்றைத் தேடிப் போடுங்கள். முதல் தடவை மற்ற மூன்றையும் விட்டுவிட்டுப் பானையை மட்டும் பின்தொடருங்கள். எது மண், எது காற்று என்று பிரித்துக் கேட்க வருகிறதா பாருங்கள்.